விருந்து நாளில் மட்டும் வந்த கடிதங்கள்

பிரசவ வார்டு வாசலில் சண்டை மூண்டபோது வோனி ருமாகித் கேண்டீனில் உட்கார்ந்து, பூசணியும் கீரையும் போட்ட காலைக் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கருவாட்டுச் சம்பலைக் கஞ்சியில் கலக்கிய நேரம் பார்த்து வார்டு உதவியாளன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"இபு வோனி, டாக்டர் ஹெங்கி உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"என்ன, கம்ப்யூட்டர் ஓடலையா?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. டாக்டர்தான் ஓடிட்டிருக்காரு. ஒரு மருத்துவச்சி துரத்துது."

மனாடோ நகரத்து மலைச்சரிவில் இருந்த அந்த மிஷன் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் என்று பெயருள்ள எது நின்றாலும் 'இபு', அதாவது 'அம்மா', என்று மரியாதையோடு வோனியைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவள்தான், மருத்துவமனையின் மின்னஞ்சல் சர்வரைக் கட்டி மேய்ப்பதும் அவள்தான். டாக்டரைத் துரத்தும் மருத்துவச்சிக்கும் தனக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் என்றால் அவளுக்குக் கஞ்சி இறங்காது. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

வார்டு வாசலில் குட்டையான, கட்டுமஸ்தான ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மழைச்சட்டை முழுக்கக் கடல் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. எதிரே டாக்டர் ஹெங்கி கலாலோ சுவரோடு சுவராக ஒட்டியிருந்தார். அறுவை அறையில் யாரையும் நடுங்க வைக்கிற மனிதர் அவர்.

"மூணு கடுதாசி போட்டேன் டாக்டர். மூணு! ரத்த அழுத்தம் ஏறுது, முகம் வீங்குது, என்ன செய்யட்டும்னு கேட்டேன். கிணத்துல கல்லு போட்ட மாதிரி. ஏன், கல்லு போட்டாலாவது ஒரு சத்தம் வரும்."

"ஒண்ணுகூட வரலம்மா. வந்திருந்தா பதில் போடாம இருப்பேனா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லல."

"வாயால சொல்லல. புருவத்தால சொல்றீங்க."

உதவியாளன் வோனியின் காதில் கிசுகிசுத்துக் கதையைச் சொன்னான். அந்தப் பெண் தமாஹெங் தீவின் மருத்துவச்சி, பெயர் சர்லோத்தா பவோலே. யூலின் என்கிற நிறைமாதக்காரி ஒருத்திக்குப் பதில் வரும் வரும் என்று காத்துப் பார்த்துவிட்டு, இனிப் பொறுத்தால் ஆகாது என்று, மோட்டார் படகில் ஏற்றி, சியாவு துறைமுகத்தில் பெரிய படகு மாற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். யூலின் உள்ளே கட்டிலில் இருந்தாள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் சர்லோத்தா சண்டைக்கு வரிந்து கட்டியிருக்கிறாள்.

தமாஹெங் சுகாதார நிலையத்தில் போன வருடம் ஒரு தொண்டு நிறுவனம் வானத்தைப் பார்த்த செயற்கைக்கோள் குடைத்தட்டு ஒன்றையும், மின்னஞ்சல் அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தது. கைப்பேசி கோபுரம் எட்டாத தீவு. மருத்துவச்சி சந்தேகம் கேட்டு எழுதுவாள், மனாடோவிலிருந்து பேறுகால நிபுணர் பதில் சொல்வார் என்பது ஏற்பாடு. ஒரு வருடத்தில் டாக்டருக்கு வந்தது மொத்தம் நாலே நாலு கடிதம். தீவுக்காரர்களுக்கு எழுதச் சோம்பல் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் குழுவும் அந்த ஏற்பாட்டை ஊற்றி மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"வோனி, நீயே சொல்லு," என்றார் டாக்டர், தத்தளித்தவன் கரையைக் கண்டதுபோல. "தமாஹெங்கிலேர்ந்து ஏதாவது வந்துச்சா?"

"பார்த்துச் சொல்றேன் டாக்டர்."

"பார்க்கிற வரைக்கும் நானும் கூட இருப்பேன்," என்றாள் சர்லோத்தா. "நீங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே சம்பளம் வாங்குறவங்க."

வோனியின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஏசி உறுமும், குளிரும். சர்லோத்தா மழைச்சட்டையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வோனி சர்வரின் பதிவைத் திறந்து தமாஹெங் என்று தேடினாள். தேடியதும் அவள் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

கடிதம் வந்திருந்தது. ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு கடிதமும் சாயங்காலம் வந்திருக்கிறது, கதவைத் தட்டியிருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் மறுபடி. அதற்கு மறுநாளும். ஐந்தாறு நாள் அலைந்துவிட்டு, பிறகு வரவே இல்லை.

திருப்பி அனுப்பியது வேறு யாருமில்லை, வோனியின் சர்வர்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மருத்துவமனை அஞ்சலில் குப்பை மலைபோலக் குவிந்தது. மருந்து விற்கிறவன், லாட்டரிக்காரன், விதவை ராணியின் சொத்தைப் பங்கு பிரிக்கிறவன் என்று ஒரு பட்டாளமே. அப்போது வோனி ஒரு காவலை ஏற்படுத்தினாள். அந்தத் தொழிலில் அதற்குச் சாம்பல் பட்டியல் என்று பெயர். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. முன்பின் தெரியாத இடத்திலிருந்து கடிதம் வந்தால் சர்வர் அதை ஏற்கவும் செய்யாது, விரட்டவும் செய்யாது. 'இப்போ முடியாது, கொஞ்சம் கழிச்சு வா' என்று மட்டும் சொல்லும். குப்பை அனுப்புகிறவன் ஒரு வாசலில் இரண்டாம் தரம் நிற்க மாட்டான், அவனுக்கு ஆயிரம் வாசல். முறையாகக் கடிதம் அனுப்புகிற சர்வரோ சற்றுப் பொறுத்து வந்து மறுபடி தட்டும். அப்போது கதவு திறக்கும். ஆறு மணி நேரத்துக்குள் திரும்ப வராவிட்டால் வோனியின் சர்வர் முதல் தட்டை மறந்துவிடும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். காவல் வைத்த வாரமே குப்பை வடிந்தது. இயக்குநர் அவளைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்.

வோனி நாற்காலியைத் திருப்பிச் சர்லோத்தாவைப் பார்த்தாள்.

"கடுதாசி வந்திருக்கு இபு. மூணும் வந்திருக்கு. நீங்க சொன்னது நிசம்."

"அப்ப அந்த மனுசன் பொய் சொல்றாரு!"

"அவரும் பொய் சொல்லல. கடுதாசி வாசல் வரைக்கும் வந்துச்சு, உள்ளே வரல. வாசல்ல நின்னு தடுத்தது என்னோட ஏற்பாடு."

விஷயத்தை விளக்கினாள். சர்லோத்தா தலையைச் சாய்த்து, நாடி பிடித்துப் பார்ப்பவள்போல ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"சரி. கழிச்சு வான்னு சொன்னீங்க. மறுநாளு வந்துச்சுல்ல? பிறகும் ஏன் விடல?"

"வேற சட்டை போட்டுட்டு வந்துச்சு. ஒவ்வொரு தரமும் அந்தக் குடைத்தட்டு இணைப்பு புதுசா வரும்போது கம்பெனிக்காரன் கையில கிடைச்ச எண்ணைக் குடுக்குறான். நேத்து வந்த எண் வேற, இன்னிக்கு வந்த எண் வேற. என் காவல்காரன் எண்ணைத்தான் பார்ப்பான். யாரோ புது ஆளுன்னு மறுபடி கழிச்சு வான்னுட்டான். அதோட ஒரு நாள் கழிச்சு வந்தா அவனுக்குப் பழசு மறந்துபோகும்."

"நல்ல காவல்காரன். எங்க ஊர்ல இப்படி ஒருத்தன் இருந்தா மருமகன்கூட வீட்டுக்குள்ள நுழைய முடியாது."

வோனிக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் மீறி ஒரு கேள்வி குடைந்தது. ஐந்து நாள் அலைந்தும் போய்ச் சேராத கடிதத்தைத் தீவுப் பெட்டி சும்மா விடாதே, போய்ச் சேரவில்லை என்று எழுதியவருக்கே அறிவிக்குமே?

"உங்களுக்கு எந்தத் தகவலும் வரலையா? தெரியாத பேர்ல ஏதாவது?"

சர்லோத்தா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பிசாசு கடுதாசியைச் சொல்றீங்களா?"

"எந்தப் பிசாசு?"

"வாரம் ஒண்ணு வரும். அனுப்பினது 'டீமன்'னு பேரு போட்டிருக்கும். முன்னால இன்னொரு சொல்லும் உண்டு. உள்ளே பூரா இங்கிலீசு. எங்க போதகர்கிட்ட காட்டுனேன். 'டீமன்னா சாத்தான்தான், திறக்காதே, ஜெபம் பண்ணிட்டு அழிச்சிரு'ன்னாரு. நானும் ஜெபம் பண்ணிட்டு அழிச்சேன்."

வோனி மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். அது அஞ்சல் சர்வர்கள் எல்லாம் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பழைய பெயர், 'உங்கள் கடிதம் போய்ச் சேரவில்லை' என்பதுதான் அந்த இங்கிலீசு என்று சொன்னபோது சர்லோத்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ. ஒரு வருசமா என் கடுதாசிக்கு நானே கருமாதி பண்ணிட்டிருந்தேனா?"

டாக்டர் ஹெங்கியிடம் இதைச் சொன்னபோது அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார். சர்லோத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மேலதான் தப்பு. எழுதலைன்னு முடிவு கட்டினேன், விசாரிக்கல." மன்னிப்புக் கேட்டுப் பழகாத குரல், கரகரத்தது. ஆனால் அவர் டாக்டர், ஓட்டை எங்கே என்று தேடுகிற புத்தி போகாது. "வோனி, உன் காவல்காரன் எல்லாத்தையும் திருப்பினான்னா அந்த நாலு கடிதம் மட்டும் எனக்கு எப்படி வந்துச்சு?"

வோனிக்குக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததும் அதுதான்.

யூலின் கட்டிலில் இருந்த நாட்களில் சர்லோத்தா மனாடோவிலேயே தங்கினாள். மத்தியானம் கேண்டீனில் வோனியோடு சாப்பிடுவாள். அங்கே புகையிட்ட சூரைமீனைப் பிய்த்துக்கொண்டே இருவரும் அந்த நாலு கடிதத்தை அலசினார்கள். வந்த தேதிகளை வோனி சொல்லச் சொல்ல, சர்லோத்தா விரல் மடக்கி யோசித்தாள்.

"அது மார்த்தின் கலியாணம். நல்லா ஞாபகமிருக்கு, பட்டுச் சட்டை கசங்கிடக் கூடாதுன்னு நின்னுக்கிட்டே தட்டச்சு பண்ணினேன். அடுத்தது எங்க ஊர்த் தாத்தா ஓப்பா நிக்கோ செத்த அன்னிக்கு. மூணாவது அறுவடை நன்றி விருந்து, ஊரே சாப்பிட்டுக் கிடந்துச்சு."

"கலியாணம், சாவு, விருந்து," என்றாள் வோனி. "உங்க கடுதாசி சாப்பாடு இருந்தாத்தான் கிளம்புமா?"

"தீவுக்காரக் கடுதாசி வேற எப்படி இருக்கும்?"

"விளையாட்டு இல்ல இபு. விருந்து நாள்ல மத்த நாள்ல இல்லாதது என்ன இருக்கு?"

"பன்றி."

"பன்றி அஞ்சல் அனுப்பாது."

"பாட்டு. பனங்கள்ளு. சொந்தக்காரன் சண்டை. அப்புறம்…" சர்லோத்தா மீனைக் கீழே வைத்தாள். "வெளிச்சம். தினமும் ஜெனரேட்டர் சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் ஓடும். ஆறுக்குப் போட்டா எட்டுக்கு நிறுத்திருவாங்க. விருந்து வீட்டுக்காரங்க டீசல் வாங்கிக் குடுத்தா விடிய விடிய ஓடும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வோனிக்கு மளமளவென்று எல்லாம் கூடி வந்தது. விளக்கு எரிந்தால்தான் பெட்டி உயிர்பெறும். உயிர்பெற்றதும் ஒரு தரம் வந்து கதவைத் தட்டும், கழிச்சு வா என்பான் காவல்காரன். பெட்டியை வைத்தவர்கள் வானத்து இணைப்புக்குக் காசு அதிகம் என்று சிக்கனமாக, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் தட்டினால் போதும் என்று அமைத்திருக்க வேண்டும். அதற்குள் விளக்கு அணைந்துவிடும். மறுநாள் புது எண், புது ஆள். விருந்து நாளில் மட்டும் விளக்கு அணையாது, எண் மாறாது. மூன்று மணி கழித்து இரண்டாம் தரம் தட்டும். கதவு திறக்கும்.

"நாலாவது?" என்றாள் வோனி. "நாலாவது கடுதாசி வந்த அன்னிக்கு என்ன விருந்து?"

சர்லோத்தா மறுபடி விரல் மடக்கினாள். "அன்னிக்கு ஒண்ணுமில்ல. சாவும் இல்ல, கலியாணமும் இல்ல. சாயங்காலம் எழுதினேன். எழுதி அனுப்பின கையோட லாஹோபாங் வீட்டுப் பொண்ணுக்கு வலி வந்திருச்சுன்னு கூப்பிட்டாங்க, சுகாதார நிலையத்துக்கே கொண்டுவரச் சொன்னேன். சிக்கலான பிரசவம். அவ்வளவுதான்."

"விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சா?"

"குழந்தை தலை திரும்பி நிக்குது, நான் கூரையையா பார்த்துட்டிருப்பேன்?"

டாக்டர் ஹெங்கிக்கு இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. "காரணம் தெரிஞ்சிருச்சு. அந்தத் தீவுக்குக் கதவைத் திறந்துவிட்டுரு, முடிஞ்சுது."

"எண் தினம் மாறுது டாக்டர், எந்த எண்ணுக்குத் திறக்கிறது? பேரைப் பார்த்துத் திறந்தா அந்தப் பேரைப் போட்டுக்கிட்டு எவன் வேணா நுழைவான். பெட்டியைச் சீக்கிரமா மறுதரம் தட்டச் சொல்லணும். அதுக்கு அதுமேல கை வைக்கணும்."

"அதுக்குப் படகு ஏறணுமா?"

"ஏறணும்," என்றாள் வோனி. நாலாவது கடிதத்தைப் பற்றி அவரிடம் பேசவில்லை. தன்னைப் படகு ஏறச் சொன்னது பாதிக்கு மேல் அதுதான் என்று சொன்னால் அவர் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்.

யூலினின் புருஷன் வந்து துணைக்கு இருந்துகொண்டதும் சர்லோத்தா ஊருக்குக் கிளம்பினாள், வோனியும் கூடவே. சியாவு வரை விரைவுப் படகு. மலைக்காரியான வோனி வழி முழுக்கப் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சியாவில் இறங்கிச் சின்ன மோட்டார் படகில் ஏறியபோது எரிமலை உச்சியில் வெள்ளைப் புகை சோம்பலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. படகோட்டி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இபு, கடல் இன்னிக்குத் தூங்குது. முழிச்சிருந்தா நீங்க பையைத் தூக்கிப் போட்டுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சிருப்பீங்க" என்றான். சர்லோத்தா அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

தமாஹெங்கில் பாய் பாயாக ஜாதிக்காய் காய்ந்துகொண்டிருந்தது. சுகாதார நிலையத்தில் பெட்டி ஒரு அலமாரிக்குள், ஒட்டறைக்கு நடுவே, சாதுவாக உட்கார்ந்திருந்தது. விளக்கு வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை என்ன செய்வது என்று சர்லோத்தா கேட்டபோது வோனி சொன்னாள்: "ஜெனரேட்டர்காரரைப் பார்க்கலாம்."

"ஓம் எலியாசரையா? அவர்கிட்ட பேச்சே கிடைக்காது. ஒரு வார்த்தைக்கு ஒரு சொட்டு டீசல் குறையும்னு நினைக்கிற ஆளு."

ஜெனரேட்டர் கொட்டகை தேவாலயத்துக்குப் பின்னால். ஊரே 'ஓம்', அதாவது மாமா, என்று அழைக்கும் எலியாசர் ஒடிசலான மனிதர், அறுபதைத் தொட்டவர். கந்தல் துணியால் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருந்த தங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் சாய்ந்தபடி அவர் மனைவி, ஊருக்குத் 'தாந்தே', அதாவது அத்தை, மரீந்தே கிராம்பு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஓம், வேலையில தொந்தரவு பண்றேன். லாஹோபாங் வீட்டுல குழந்தை பிறந்த அன்னிக்கு ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நிறுத்துனீங்க?" என்றாள் வோனி.

எலியாசரின் துணி நின்றது. "எட்டுக்கு."

"அன்னிக்கு ஒரு கடுதாசி மனாடோவுக்கு வந்துச்சு ஓம். எட்டுக்கு நின்னிருந்தா வந்திருக்காது."

"அப்ப…" அவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தூங்கிட்டிருப்பேன். வயசாச்சு. ஊர்த்தலைவர்கிட்ட சொல்லிராதீங்க, ஊர் டீசல்."

கொட்டகைக்கு வெளியிலிருந்து தாந்தே மரீந்தேயின் சிரிப்பு வெடித்தது.

"தூங்கினாராம்! இந்தக் கொட்டகைல கொசு கூடத் தூங்காது. நான் சொல்றேன் பொண்ணே…"

"மரீந்தே, வாயை மூடு."

"நாப்பது வருசமா மூடித்தான் வச்சிருக்கேன், ஒரு நாள் திறக்கிறேன். அன்னிக்கு எட்டு மணிக்கு நிறுத்தப் போனாரு. அந்தப் பொண்ணு கத்துற சத்தம் இங்க கேட்டுச்சு. இவரு கையை நெம்புகோல்ல வச்சுக்கிட்டு நிக்கிறாரு, நிக்கிறாரு. அப்புறம் வீட்டுக்கு ஓடி வந்து, மீன்பிடிக்கப் போற படகுக்குன்னு வச்சிருந்த டீசல் கேனை முழுசாத் தூக்கிட்டுப் போய் ஊத்துனாரு. குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் நிறுத்தினாரு. மறுநாளு கடலுக்குத் துடுப்புப் போட்டுட்டுப் போனாரு, ரெண்டே ரெண்டு மீனோட வந்தாரு. என்ன கேட்டாலும் தூங்கிட்டேன், தூங்கிட்டேன்!"

சர்லோத்தா இடுப்பில் கை வைத்து அவரைப் பார்த்தாள். "ஓம், அன்னிக்கு வெளிச்சம் மட்டும் போயிருந்தா நான் அந்தக் குழந்தையைத் திருப்பியிருக்கவே முடியாது. டார்ச் பேட்டரி தீர்ந்து போயிருந்துச்சு. நான் அதை யோசிக்கவே இல்ல. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

எலியாசர் துணியை உதறி மடித்தார். காது சிவந்திருந்தது.

"லாஹோபாங் வீடு," என்றார்.

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, மரீந்தேதான் விளக்கினாள். லாஹோபாங் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் எல்லையில் நின்ற ஒரு ஜாதிக்காய் மரத்தால் பகை. தாத்தா காலத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தேவாலயத்தில்கூட இவர்கள் இடது பக்கம் என்றால் அவர்கள் வலது பக்கம். "இவரு டீசல் குடுத்து அந்த வீட்டுப் பேரன் பிறந்தான்னு தெரிஞ்சா, அவங்க நன்றி சொல்ல வருவாங்க. நன்றி சொல்ல வந்தா இவரு வாசல்ல நிக்கணும். அதைவிட இவருக்குச் சாவே மேல்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார் எலியாசர். முதல் தடவையாக வோனியின் முகத்தை நேராகப் பார்த்தார். "மருத்துவச்சி, நீயும்."

சர்லோத்தா நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வோனியும் செய்தாள். மனாடோவிலிருந்து கடல் கடந்து தெரிந்துகொள்ள வந்த விஷயம் இப்படி அலமாரிக்குள் பூட்ட வேண்டிய விஷயமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. பதில் கிடைத்த கேள்வி உடம்பை லேசாக்கும், அதை அவள் பலமுறை அனுபவித்தவள்.

ஆறு மணிக்கு இயந்திரம் இருமி, கனைத்து, ஓடத் தொடங்கியது. வீடு வீடாக மஞ்சள் வெளிச்சம் எழுந்தது. அலமாரிக்குள் பெட்டியின் பச்சைக் கண் சிமிட்டியது. வோனி தன் மடிக்கணினியை அதோடு இணைத்து உள்ளே பார்த்தாள். நினைத்தது சரி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தட்டு. அதைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றினாள். மனாடோவில் தன் காவல்காரனையும் கிளம்புவதற்கு முன்பே கொஞ்சம் இளக்கி வைத்திருந்தாள். ஐந்து நிமிடம் பொறுத்து வந்தால் போதும், உள்ளே விடு என்று.

"எழுதுங்க இபு."

"என்ன எழுத?"

"டாக்டருக்கு. என்ன வேணும்னாலும்."

சர்லோத்தா ஒற்றை விரலால் தட்டினாள்: யூலின் எப்படி இருக்கிறாள்? அவள் அம்மா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கடிதம் கிளம்பியது. உடனே பதிலும் வந்தது. இப்போது முடியாது, கழிச்சு வா. சர்லோத்தாவின் முகம் விழுந்தது. "பாருங்க, மறுபடி."

"பொறுங்க. காவல்காரன் அப்படித்தான் சொல்வான்."

இருவரும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். செய்தி எப்படியோ பரவி, ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள் முளைத்தன. போதகரும் வந்தார். பிசாசின் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது போலும், கதவோரமாகவே நின்றுகொண்டார். யாரோ வறுத்த வாழைக்காயும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்கள். வோனி ஒன்றை எடுத்துக் கடித்து, காரத்தில் கண் கலங்கி நிமிர்ந்தபோது பெட்டி மறுபடி தட்டியிருந்தது.

"போயிருச்சு," என்றாள்.

"எங்க?"

"உள்ளே. ஏத்துக்கிட்டான்."

சர்லோத்தா அதை நம்பவில்லை. கைக்கு எட்டாத ஊரில் ஒரு கதவு திறந்தது என்றால் யார் நம்புவார்கள்? பதில் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டமும் நின்றது. ஏழு மணி ஆயிற்று, தாண்டிற்று. டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார் என்றாள் வோனி. போயிருந்தால் நாளைக்குத்தான். எட்டு நெருங்க நெருங்க எல்லாரும் கொட்டகைப் பக்கம் காது கொடுக்கத் தொடங்கினார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எட்டுக்குச் சற்று முன்னால் கடிதம் வந்தது.

சர்லோத்தா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். யூலினுக்கு இன்று மத்தியானம் பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடை குறைவு, ஆனால் குரல் குறைவில்லை. தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது. இன்னும் சில நாள் இங்கேயே வைத்திருப்போம். நீங்கள் அவளைக் கொண்டுவர ஒரு நாள் தாமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும். இனி நீங்கள் கேட்பதற்கு அன்றன்றே பதில் போடுகிறேன். ஹெங்கி.

கடைசி வரியைச் சர்லோத்தா படித்து முடிப்பதற்குள் ஜன்னலில் இருந்த தலைகள் காணாமல் போயின. யூலினின் அம்மா வீட்டை நோக்கி ஊரே கத்திக்கொண்டு ஓடியது. சர்லோத்தா வாசல் வரை ஓடினாள், பாதியில் திரும்பி வந்து வோனியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, மறுபடி ஓடினாள். செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது. போதகர் மெல்ல உள்ளே வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இபு, அந்த டீமன் சமாச்சாரம்… மனாடோவுல சபைக்குத் தெரிய வேண்டாமே?"

"தெரியாது போதகரே," என்றாள் வோனி. அந்த ஊரில் அவள் தலையில் ஏறிய இரண்டாவது சத்தியம் அது.

ஒரு வாரம் கழித்து மருத்துவமனைக் குழுவில் தமாஹெங் ஏற்பாட்டை மூடும் பேச்சு வந்தபோது டாக்டர் ஹெங்கி எழுந்து, ஏழு நாளில் தனக்கு வந்த பதினோரு கடிதங்களைப் பற்றிச் சொன்னார். அதில் பாதி கேள்விகளுக்குப் புத்தகத்தைப் புரட்டித்தான் பதில் சொல்ல முடிந்தது என்று அலுத்துக்கொண்டார். மூடும் பேச்சு நின்றது. யூலின் குழந்தையோடு ஊர் திரும்பினாள்.

வோனியின் அறையில் ஏசி பழையபடி உறுமிக்கொண்டிருந்தது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் காலை, கஞ்சி குடித்த கையோடு, ஒரு தரம் தட்டிவிட்டுத் திரும்பாமல் போனவர்களின் வரிசையை அவள் திறந்தாள். இதுவரை அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததில்லை. வராதவனைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை? மருந்து விற்கிறவன், லாட்டரிக்காரன், சொத்துப் பிரிக்கிறவன், எல்லாம் அவளுக்குத் தெரிந்த முகங்கள்தான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

ஹல்மஹேரா தீவுப் பக்கத்து ஊர்ப் பெயர். குஷ்ட நோய்ப் பிரிவுக்கு எழுதியிருந்தார்கள். வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலையில் ஒரு தட்டு, பிறகு அமைதி. அடுத்த திங்கள் மறுபடி ஒரு தட்டு. இது டீசல் கணக்குக்கு ஒத்துவரவில்லை. சந்தைக் கணக்கா? படகுக் கணக்கா? திங்கட்கிழமை காலையில் அந்த ஊரில் அப்படி என்னதான் நடக்கிறது?

வோனி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.